அஞ்சு தசம் நாலு



போன கிழமை சந்தியில் ஒரு வாப்பா எங்களை மறித்துக் கேட்டார்: "சேர், ஞாயிற்றுக்கிழமை உங்கட விறாந்தையில பிள்ளைகள் கூடி ஆரை அடிக்கிறாங்க? சண்டியன் பதினாலு அடிச்சான், கள்ளன் பன்னிரண்டு அடிச்சான் எண்டு சத்தம் றோட்டுக்குக் கேக்குது."

அவருக்கு நின்ற நிலையில் ஒரு பதில் சொல்லிவிட்டு வந்தோம். அது போதாது. ஊரில் வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். அதோடு, அந்த விறாந்தையில் நாங்கள் ஒரு பிழை விட்டோம். அதையும் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். கணக்கும் வரும். பொறுத்து வாசியுங்கள்.

லண்டனில் இருக்கும் சாச்சாவின் மகன் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஒரு சின்னப் பையில் ஏழு கட்டைகள் கொண்டுவந்தார். நாம் அறிந்த ஆறு முகக் கட்டை ஒன்றுதான். மற்றவை நாலு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் என்று விதவிதம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டுக்கானவை. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட விளையாட்டு அது. தாயம், கரம்போர்ட், செஸ் போல இதற்குப் பலகை கட்டாயமில்லை. ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். "கண்டல் காட்டுக்குள் தோணி நுழைகிறது, அந்தப் பக்கம் நாலு கொள்ளைக்காரர், என்ன செய்கிறீர்கள்?" என்று கதை சொல்பவர் கேட்பார். பிள்ளைகள் சொல்லுவார்கள். சொன்னது நடந்ததா இல்லையா என்பதைக் கட்டை தீர்மானிக்கும்.

அந்தத் தம்பி பத்து நாள் நின்றார். தரம் 9, 10இல் படிக்கும் ஐந்து பிள்ளைகள், இரண்டு பேர் கோயில் பக்கத்துப் பிள்ளைகள், மூன்று பேர் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள், ஒவ்வொரு பின்னேரமும் வந்து குந்தினார்கள். அவர் விமானம் ஏறின பிறகும் வந்தார்கள். கட்டைகளை எங்களிடம் விட்டுப் போயிருந்தார். விளையாட்டின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியிலிருந்து எவரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம் என்று அதன் உரிமையாளர்களே திறந்துவிட்டிருக்கிறார்கள். போனில் இறக்கி வைத்துக்கொண்டோம். கதை சொல்லும் வேலை எங்கள் தலையில் விழுந்தது.

முதல் மாற்றம் உடனேயே வந்தது. மூல விளையாட்டில் மந்திரவாதி உண்டு, மந்திரம் ஓதித் தீயுண்டை எறிவான். சிஹ்ர் என்றால் நம் வீடுகளில் விளையாட்டுக்கும் பேசமாட்டோம். பிள்ளைகளே வழி கண்டுபிடித்தார்கள். மந்திரவாதி வெடிகாரன் ஆனான். நம் கடலில் களவாக டைனமைட் போட்டு மீன் பிடிக்கிற கதை அவர்களுக்குத் தெரியாததா? போர்வீரன் சண்டியன் ஆனான். பதுங்கிப் பாய்கிறவன் கள்ளன். காயம் ஆற்றுகிறவர் பரியாரி. பெயர் மாறியது, எண்கள் மாறவில்லை.

இரண்டாவது மாற்றம் லேசில் வரவில்லை. ஊரில் மூத்தவர் ஒருவர், காலமெல்லாம் கடலில் போனவர், ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து விறாந்தைப் படியில் நின்றார். கட்டைகளைப் பார்த்தார். "தம்பி, இது தாயக்கட்டை இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

'நர்த்' என்ற கட்டை விளையாட்டைப் பற்றி ஹதீஸில் எச்சரிக்கை வந்திருப்பதை நம் ஊரில் அறியாதவர் இல்லை. காசு வைக்காவிட்டாலும் கட்டை உருட்டுவது கூடாது என்று சொல்லும் அறிஞர்கள்தான் அதிகம். எங்களுக்கு ஃபத்வா கொடுக்கும் தகுதி இல்லை. பிள்ளைகளை நம்பி அனுப்பியிருக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். கட்டைகளைப் பையில் போட்டு அலுமாரிக்குள் வைத்தோம். இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன.

கட்டை இல்லாமல் எப்படி விளையாடுவது? நாங்கள் கணக்கு வாத்தியார் அல்லவா, சராசரியை எடுத்தோம். ஆறு முகக் கட்டையை உருட்டினால் ஒன்றிலிருந்து ஆறு வரை வரும். கூட்டி ஆறால் பிரித்தால் 3.5. எட்டு முகத்துக்கு 4.5. இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. அந்த விளையாட்டின் புத்தகத்தில் ஒவ்வொரு எதிரியின் அடிக்கும் சராசரியையும் எழுதி, பக்கத்தில் கட்டைக் கணக்கையும் போட்டிருப்பார்கள். விரும்பினால் உருட்டலாம், இல்லாவிட்டால் சராசரியைப் போட்டுக்கொள்ளலாம். நிகழ்தகவுப் பாடத்தை விறாந்தையிலேயே நடத்திவிடலாம் என்று எங்களுக்கு உள்ளூரச் சந்தோசம்.

வெள்ளைப் பலகையை வெளியே கொண்டுவந்து அட்டவணை போட்டோம். பாத்திரங்கள் எல்லாம் ஐந்தாம் நிலை. எதிரியின் காப்பு எண் 15. இருபது வரையான எண்ணில் ஒன்று வரும். அதோடு 7ஐக் கூட்டி 15 அல்லது அதற்கு மேல் வந்தால் அடி படும். அப்படியென்றால் 8 முதல் 20 வரை எது வந்தாலும் சரி. இருபதில் பதின்மூன்று, 65 சதவீதம். இருபது விழுந்தால் அடி கூடுகிற விதியை எளிமைக்காக விட்டோம்.

சண்டியன் பெரிய வாளால் ஒரு சுற்றில் இரண்டு தடவை வெட்டுவான். ஒரு வெட்டுக்கு ஆறு முகக் கட்டை இரண்டு, அதோடு 4. சராசரி 11. இரண்டு வெட்டு, 65 சதவீதம்: 14.3.

கள்ளன் ஒரே குத்து. எட்டு முகக் கட்டை ஒன்றும் 4உம், அதோடு பதுங்கித் தாக்குவதற்கு ஆறு முகக் கட்டை மூன்று. சராசரி 19. 65 சதவீதம்: 12.35.

வெடிகாரன் பெரிய வெடி போட்டால் ஆறு முகக் கட்டை எட்டு, சராசரி 28. எதிரி பாய்ந்து தப்ப நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு, தப்பினாலும் பாதி அடி விழும். கணக்குப் பார்த்தால் ஓர் ஆளுக்கு 22.4. நாலு பேர் கூடி நின்றால் 89.6. ஆனால் பெரிய வெடி நாளுக்கு இரண்டுதான். மற்றச் சுற்றுகளில் சின்னப் பொறி எறிவான்: 7.15.

பரியாரி எரியும் எண்ணெய்ச் சட்டி எறிவார். எட்டு முகக் கட்டை இரண்டு, சராசரி 9. எதிரி விலகிவிட்டால் ஒன்றுமில்லை. 60 சதவீதம்: 5.4.

ஐந்தாவது பிள்ளையும் சண்டியன்தான், கேடயம் பிடித்தவன். 11.05.

பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக எழுதி, கடைசியில் 5.4 என்று போட்டு, கீழே கோடும் இழுத்தோம். பரியாரியாக விளையாடிய பிள்ளை அமைதியான பிள்ளை. வகுப்பிலும் கடைசிக்கு முந்தின வாங்கு. மற்றவர்கள் கையை உயர்த்திக் கத்தும்போது அவள் கொப்பியில் எழுதிக்கொண்டிருப்பாள். அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது: "அஞ்சு தசம் நாலு." பையன்கள் வைத்த பெயர். நாங்களும் சிரித்தோம். மறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

சராசரி விளையாட்டும் அதோடு நொண்டத் தொடங்கியது. எதிரிக்கு 40 உயிர், சண்டியனுக்கு 14.3, மூன்றாம் சுற்றில் ஆள் முடிந்தான் என்று தொடங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். கேடயக்காரப் பையன் ஒரு நாள் கேட்டான்: "சேர், கணக்குப் பார்த்தாலே முடிவு வருதே. பிறகென்னத்துக்கு விளையாடுற?" நியாயமான கேள்வி.

அப்போதுதான் பால்மா டின் வந்தது. ஒன்றிலிருந்து இருபது வரை சீட்டு எழுதி டின்னுக்குள் போட்டு ஒன்றை எடுப்பது. வகுப்பில் ஆர் முதலில் வாசிப்பது என்று தீர்மானிக்க நாங்கள் செய்கிற அதே வேலை. மூத்தவரிடமும் காட்டிக் கேட்டோம். "காசு இல்லை, கட்டை இல்லை, தொழுகை நேரத்துக்கு எழும்புறீங்க. எனக்கு ஒண்டும் இல்லை" என்றார். அன்றிலிருந்து படியில் குந்திப் பார்க்கவும் தொடங்கினார்.

டின்னிலும் ஒரு பாடம் இருந்தது. பிள்ளைகள் எடுத்த சீட்டை வெளியே வைத்துக்கொண்டே போனார்கள். பத்துச் சீட்டு எடுத்த பிறகு கோயில் பக்கத்துப் பையன் சொன்னான்: "1, 2, 3, 5 எல்லாம் போயிட்டு. 20 இன்னும் உள்ளுக்குத்தான். இப்ப சண்டியன் எடுக்கட்டும், கள்ளன் பொறுக்கட்டும்." கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கட்டைக்கு ஞாபகம் கிடையாது. போன தடவை 1 விழுந்தது என்பதற்காக அடுத்த தடவை இரங்காது. சீட்டைத் திரும்பப் போடாவிட்டால் டின்னுக்கு ஞாபகம் வந்துவிடும். திரும்பப் போட்டுக் குலுக்கினால்தான் ஒவ்வொரு தடவையும் 65 சதவீதம் 65 சதவீதமாகவே இருக்கும். பரீட்சைத் தாளில் 'மீள வைத்து', 'மீள வைக்காது' என்று வருகிற கணக்கு இதுதான்.

டின் வந்த பிறகு அட்டவணையில் தெரியாத விசயங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சண்டியனுக்கு 14.3, கள்ளனுக்கு 12.35, பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் கள்ளன் ஒரே குத்தில் எல்லாவற்றையும் வைத்திருக்கிறான். நூறு சுற்றில் முப்பத்தைந்து சுற்று அவனுக்கு வெறுங்கை. சண்டியன் இரண்டு தடவை வெட்டுவதால் இரண்டும் பிழைப்பது நூற்றுக்குப் பன்னிரண்டுதான். உயிர் 7 மட்டும் மிச்சமிருக்கிற எதிரிக்குக் கள்ளன் 19 அடித்தால் 12 வீண். பிள்ளைகள் அதற்கு 'வீண் அடி' என்று பெயர் வைத்தார்கள். சராசரியில் வீண் அடியும் சேர்ந்துதான் கிடக்கும்.

வெடிகாரனை எடுங்கள். ஒரு நாளில் நாலு சண்டை, சண்டைக்கு நாலு சுற்று, மொத்தம் 16 சுற்று என்று வைத்தோம். சண்டியன் 16 தடவை 14.3, கூட்டினால் 228.8. வெடிகாரன் இரண்டு பெரிய வெடியும் மும்மூன்று பேர் மேல் போட்டால் 134.4, மிச்சப் பதினாலு சுற்றும் சின்னப் பொறி 100.1, மொத்தம் 234.5. கிட்டத்தட்டச் சமம். ஆனால் ஒவ்வொரு சண்டையிலும் ஒரே ஒரு எதிரிதான் என்றால் வெடிகாரனின் நாள் கணக்கு 144.9க்கு இறங்கிவிடும். ஆள் அதே ஆள். எதிரில் நிற்கிறவர்களின் எண்ணிக்கைதான் மாறியது. 'ஆர் பலசாலி' என்ற கேள்விக்கு, 'எந்தச் சண்டையில்' என்று திருப்பிக் கேட்காமல் பதில் இல்லை.

இதெல்லாம் சரி. ஆனால் பரியாரி இல்லாத மூன்றாம் ஞாயிறு நடந்ததைக் கேளுங்கள்.

கண்டல் காட்டுக்குள் ஆறு கொள்ளைக்காரர். முதல் சுற்றிலேயே இரண்டு பேர் விழுந்தார்கள். பையன்களுக்குச் சந்தோசம். இரண்டாம் சுற்றில் கேடயக்காரன் சாய்ந்தான். மூன்றாம் சுற்றில் பெரிய வாள் சண்டியன் விழுந்தான். விழுந்தவனுக்கு 14.3 இல்லை, பூச்சியம். அதோடு நிற்கவில்லை. கள்ளன் பதுங்கித் தாக்க வேண்டுமென்றால் எதிரியின் பக்கத்தில் கூட்டாளி ஒருவன் நிற்க வேண்டும், அல்லது அவன் மறைந்து நின்று பாய வேண்டும். வெட்டவெளி, பக்கத்தில் ஆளில்லை. அந்த மூன்று கட்டையும் போய்விட்டன. 8.5, 65 சதவீதம். கள்ளனே வாய்விட்டுக் கணக்குப் பார்த்தான்: "அஞ்சு தசம் அஞ்சு."

விறாந்தையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

வெடிகாரனிடம் ஒரு பெரிய வெடி மிச்சம் இருந்தது. எதிரிகளும் கூடித்தான் நின்றார்கள். ஆனால் நடுவில் சண்டியன் உயிர் ஊசலாடக் கிடக்கிறான். வெடி ஆள் பார்த்து வெடிக்காது. போடவில்லை. ஐந்தாம் சுற்றில் எல்லாரும் முடிந்தார்கள்.

படியில் இருந்த மூத்தவர் முதல்முறையாக வாய் திறந்தார். "அந்த மருந்துக்காரப் புள்ள எங்க?" என்றார். ஒருவன் சொன்னான்: "அவ அஞ்சு தசம் நாலுதானே அப்பா. வந்தும் என்ன?" மூத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வள்ளத்தில தண்ணி இறைக்கிறவனிட்ட நீ எத்தனை மீன் பிடிச்சாய் எண்டு கேக்கிறதா?"

அன்றைக்கு மஃரிபுக்குப் பிறகு அவளின் வீட்டுக்குப் போனோம். உம்மா கதிரை போட்டார், பிளேன்ரீ தந்தார். "என்ன மகள் வாறதில்லை" என்று கேட்டோம். உம்மா குறை சொல்லும் ஆள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "கணக்கெல்லாம் தனக்குச் சரிவராதாம் சேர். கடைசி எண்டு போர்ட்ல எழுதிக் கோடும் போட்டிருக்காம். எழுதினது நீங்கதானாமே."

நாங்கள்தான்.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னோம்: "மகள், அந்த அட்டவணையில பிழை இருக்கு." அவள் கேட்டாள்: "5.4 பிழையா சேர்?" "இல்லை, அது சரி. ஒரு நிரல் விட்டுட்டோம். அதைக் கண்டுபிடிக்க ஆள் வேணும்." கொப்பியை எடுத்து வந்தாள்.

பரியாரிக்கு இன்னொரு வேலை உண்டு. சண்டை தொடங்கும்போது மூன்று பேருக்குத் தைலம் தடவி விடலாம். மூல விளையாட்டில் அது ஆசீர்வாதம். நம் மேசையில் தைலம். தடவினவன் அடிக்கும்போது, வந்த எண்ணோடு நாலு முகக் கட்டை ஒன்றையும் கூட்டலாம். சராசரி 2.5. இருபதில் 2.5 என்பது நூறில் 12.5. அப்படியென்றால் 65 சதவீதம் 77.5 ஆகிறது. அதற்கு மேல் அவளே செய்தாள். நாங்கள் பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தோம்.

பெரிய வாள் சண்டியன்: 14.3 இருந்தது, 17.05 ஆகிறது. கூடினது 2.75. கள்ளன்: 12.35 இருந்தது, 14.725. கூடினது 2.375. வெடிகாரனின் சின்னப் பொறி: 7.15 இருந்தது, 8.525. கூடினது 1.375. மூன்றையும் கூட்டிக் கோடு போட்டாள். 6.5.

ஒவ்வொரு சுற்றும் 6.5. தன் கையால் அடிக்கும் 5.4ஐ விடக் கூட. தைலம் தடவ ஒரு சுற்று செலவு, ஆனால் பத்துச் சுற்று நிற்கும். அடுத்த சுற்றிலிருந்து எண்ணெய்ச் சட்டியும் எறியலாம். இதற்குள் விழுந்தவனை எழுப்புகிற கணக்கு இல்லை. பரியாரி தூரத்தில் நின்றே ஒரு மருந்துச் சிமிழை எறிந்தால் 5 முதல் 8 வரை உயிர் திரும்பும். பெரிய எண்ணில்லை. ஆனால் பூச்சியத்தில் கிடந்த சண்டியன் எழும்பி அடிக்கும் 14.3 அந்தச் சிமிழிலிருந்து வருகிறது. அவன் எழும்பி நின்றால் பக்கத்தில் கள்ளனுக்கு மூன்று கட்டை திரும்பி வருகிறது. அவன் நடுவில் கிடக்காவிட்டால் வெடிகாரன் வெடி போடலாம்.

அவள் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டுப் பேனையைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "சேர், இந்த 6.5ஐ ஆர்ட பெயரில எழுதுற? அடிச்சது அவங்கதானே."

பதில் எங்களிடம் இருக்கவில்லை. "யோசிப்போம்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தோம்.

வரும் வழியெல்லாம் எங்கள் ராத்தாவின் ஞாபகம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்களில் மூத்தவன் பன்னிரண்டு வயது, கடைசித் தம்பி கைப்பிள்ளை. ராத்தாவுக்குப் பதினாலு. புத்தளத்தில் கிடுகுக் கொட்டில். தண்ணீருக்கு வரிசை, பாணுக்கு வரிசை, நிவாரணத்துக்கு வரிசை. உம்மாவுக்குச் சுகமில்லை, வாப்பா கூலி வேலைக்குப் போனார். பின்னேர வகுப்புக்கு நாங்கள் மூன்று ஆம்பிளைப் பிள்ளைகளும் போனோம். எங்கள் சட்டைகளைத் தோய்த்துக் காயவைத்து, வரிசைகளில் எங்கள் இடத்தில் நின்றது ராத்தா. விடத்தல்தீவில் இருக்கும்போது எங்கள் எல்லாரையும் விடக் கணக்கில் கெட்டிக்காரி அவதான். புத்தளத்தில் ஒரு நாளும் பள்ளிக்கூடம் போகவில்லை. "போகவிடவில்லை" என்றும் சொல்ல முடியாது, ஒருவரும் தடுக்கவில்லை. தண்ணி வரிசையில் நிற்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எங்களில் ஒருவர் ஆசிரியர், ஒருவர் கணக்காளர், ஒருவர் கட்டாரில் நல்ல வேலையில். மூன்று பேரின் பெயரும் மூன்று சான்றிதழில் இருக்கிறது. 2009க்குப் பிறகு மெல்ல மெல்ல ஊர் திரும்பி, பற்றை வெட்டி, வளவைக் கண்டுபிடித்து, கல் வைத்து வீடு கட்டியபோது ஊர் சொன்னது: "மூன்று ஆம்பிளைப் பிள்ளைகளும் தலையெடுத்திட்டாங்க, மாஷா அல்லாஹ்." சரிதான். அடித்தது நாங்கள்தான். எங்கள் 65ஐ 77.5 ஆக்கினது எந்தக் கொப்பியிலும் இல்லை.

இதை ராத்தாவிடம் போனில் சொன்னோம், விளையாட்டுக் கதையோடு சேர்த்து. சிரித்தா. "அந்தப் புள்ளைக்கு எண்டாலும் ஒழுங்காப் படிப்பி" என்றா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அதனால்தான் இந்தக் கதையை 'எல்லாரும் முக்கியம்' என்று லேசாக முடிக்க மனம் வரவில்லை. தண்ணி இறைக்கிறவனுக்கு மீனில் பங்கு கொடுப்போம், சரி. ஆனால் அவன் வாழ்நாள் முழுக்கத் தண்ணிதான் இறைக்க வேண்டுமா? பரியாரியாக இருப்பது அவள் தெரிவுசெய்தது, அவளுக்குப் பிடித்தது. ராத்தாவிடம் என்ன விருப்பம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. வீட்டில் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க இன்னொரு பிள்ளை நிற்கிறது என்றால், அந்தப் பிள்ளையின் பெயரையும் நாம் கொப்பியில் எழுத வேண்டும். அதோடு அதன் முறை எப்போது என்றும் கேட்க வேண்டும்.

இன்னொரு விசயம், விளையாட்டை உருவாக்கியவர்களும் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். 1974இல் வந்த முதல் புத்தகங்களில் மூன்றே வகைதான்: போர்வீரன், மந்திரக்காரன், காயம் ஆற்றுகிற மதகுரு. கத்தியானாலும் பெரிய வாளானாலும் எல்லா ஆயுதத்துக்கும் ஒரே ஆறு முகக் கட்டைதான். அடிக்கணக்கில் ஆயுதங்களுக்குள் வித்தியாசமே இல்லை. கள்ளனும், ஆயுதத்துக்கொரு கட்டை என்ற விதியும் 1975இல் ஓர் இணைப்புப் புத்தகத்தில் வந்தன. பிறகு விதிகள் பெருகின. 2008இல் வந்த நான்காம் பதிப்பில் வேலைகளை வெளிப்படையாக நாலாகப் பிரித்தார்கள்: தாங்குகிறவர், அடிக்கிறவர், கூட்டத்தைத் தூக்கி நிறுத்துகிறவர், களத்தைக் கட்டுப்படுத்துகிறவர். நாலில் ஒன்றின் வேலைதான் அடி. நாங்கள் நாலு வேலையையும் ஒரே கோலால் அளந்து, கடைசியில் வந்தவளின் கீழே கோடு இழுத்தோம்.

பள்ளிக்கூட அறிக்கையிலும் நாங்கள் பல வருசமாக வகுப்பு நிலை எழுதி வருகிறோம். எழுதத்தான் வேண்டும், அது எங்கள் கடமை. பெறுபேறு வந்ததும் சந்தியில் 9ஏ பிள்ளைகளின் படத்தோடு பதாகை கட்டுகிறோம். அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உழைத்த பிள்ளைக்கு அந்தச் சந்தோசம் வேண்டும். எண் பொய் சொல்லாது, 5.4 சரியான எண்தான். ஆனால் எந்த எண்ணும் தான் அளந்ததை மட்டும்தான் சொல்லும். அளக்காமல் விட்டது என்ன என்று கேட்பது கணக்குப் படிப்பிக்கிற எங்கள் வேலை. அதை அந்த ஞாயிறு நாங்கள் செய்யவில்லை.

அவள் அடுத்த கிழமை வந்தாள். கொப்பியைப் பையன்களிடம் கொடுத்தாள். கேடயக்காரன் சரிபார்த்தான். வெடிகாரன் ஒரு இடத்தில் மடக்கினான்: "நான் பெரிய வெடி போடுற சுற்றில தைலம் எனக்கு உதவாதே, அப்ப 1.375 வராதே." உண்மை. பெரிய வெடிக்கு அடி படுகிறதா என்று சீட்டு எடுப்பதில்லை. அவள் யோசித்துவிட்டு, "அப்ப தைலத்தை உனக்குத் தடவ மாட்டேன், கேடயக்காரனுக்குத் தடவுறேன்" என்றாள். கணக்குப் பார்த்தால் அவனுக்கு 11.05இலிருந்து 13.175. கூடினது 2.125. மூன்று பேரின் மொத்தம் 7.25. முதல் கணக்கை விட நல்லது. வெடிகாரன் தலையைச் சொறிந்தான்.

பழைய பட்டப்பெயர் போகவில்லை. பையன்கள் அல்லவா. ஆனால் இப்போது கூப்பிடுகிற குரல் வேறு. சண்டியன் விழுந்தால் நாலு பேரும் சேர்ந்து கத்துகிறார்கள்: "அஞ்சு தசம் நாலு, ஓடி வா!" றோட்டுக்குக் கேட்டது அந்தச் சத்தமாகவும் இருக்கலாம்.

அட்டவணையில் இப்போது இன்னொரு நிரல் இருக்கிறது. தலைப்பு என்ன போடுவது என்று ஐந்து பேருக்கும் ஒத்துவரவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு எங்களிடமும் இன்னும் முழுப் பதில் இல்லை. அதனால் தலைப்பு வெறுமையாக இருக்கிறது. எண்கள் மட்டும் இருக்கின்றன.

அடுத்த ஞாயிறும் அஸருக்குப் பிறகு விறாந்தையில்தான், இன்ஷா அல்லாஹ். பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோர் முதலில் நீங்களே வந்து படியில் குந்திப் பாருங்கள். மூத்தவர் இடம் தருவார். கட்டை இல்லை, காசு இல்லை, மஃரிபுக்கு முன் முடிந்துவிடும். டின்னும் சீட்டும் இருக்கும். எடுத்த சீட்டைத் திரும்பப் போட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

வஸ்ஸலாம்.